தோல் வியாபாரிகளின் வயலில்

ஒஸ்லோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் என்னை ஓரமாய்க் கூப்பிட்டார். பையைத் திறந்தார். மிளகாய்த்தூள், காய்ந்த பனங்கிழங்கு ஒடியல், பனங்கட்டி. எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தார். தும்மினார். பிறகு ஒரு கைக்கருவியை எடுத்து என் உடம்பை மேலிருந்து கீழாகத் தடவினார். இடது தொடைக்கு வந்ததும் அது கத்தியது.

நான் அசையவில்லை. எங்கள் வேலையில் கருவி கத்தினால் அசையக் கூடாது.

தொடையில் ஒரு ஷெல் துண்டு கிடக்கிறது. பழைய துண்டு. அதற்கும் எனக்கும் இப்போது சண்டை இல்லை. அதை எப்படி விளக்குவது? காற்சட்டையை உயர்த்தித் தழும்பைக் காட்டினேன். அவர் போகலாம் என்று கை காட்டினார். நான் நின்றேன். மறுபடியும் காட்டினார். நின்றேன். கடைசியில் தோளில் தட்டி, வாசல் பக்கம் திருப்பிவிட்டார்.

நான் சாவகச்சேரிப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சண்டை நின்று, பாதை திறந்து, சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் இந்த வேலை கிடைத்தது. நோர்வேக்குப் போனது அதற்காக அல்ல. அக்காவின் மகள் ஆரணிக்குச் சாமத்தியச் சடங்கு. பிள்ளை பெரியவளாகி ஒரு வருடம் தாண்டிவிட்டது. தாய்மாமன் வராமல் சடங்கு இல்லை என்று அக்கா பிடிவாதமாய் இருந்தாள். மாமன் வந்தான்.

அத்தான் வேறு வாசலில் காத்திருந்தார். அவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். ஒரு மணித்தியாலம் கழித்து ஓடி வந்து கட்டிப்பிடித்தார். சுகம் விசாரிக்கவில்லை.

“மச்சான், மெசின் கொண்டு வரேல்லையோ?”

“அது வேலைத்தலத்து மெசின் அத்தான்.”

“பறவாயில்லை. என்னட்டை ஒண்டு கிடக்கு.”

காரின் பின்பக்கத்தைத் திறந்தார். சடங்குத் தட்டுகள், குடங்கள், பிளாஸ்டிக் வாழையிலைகள். அவற்றுக்கு நடுவில் ஒரு உலோகம் தேடும் கருவி. பழகிய முகம் போல் இருந்தது.

இங்கே இது பொழுதுபோக்காம். ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்காரரைக் கேட்டு வயலுக்குள் இறங்குவார்களாம். பழைய காசு, பொத்தான், குதிரைச் சலங்கை தேடுவார்களாம்.

“சம்பளம்?” என்று கேட்டேன்.

“சம்பளமோ? நாங்கள்தான் பெற்றோல் அடிச்சுப் போறனாங்கள்.”

நான் காரில் ஏறினேன்.

ரொம்மனில் இருக்கும் அவர்கள் வீடு வரும்வரை அத்தான் ஒரே கதையைச் சொன்னார். லில்லெஸ்ட்ரோம் ஊருக்கு அப்பால் ரன்டி என்று ஒரு வயதான அம்மாவின் வயல் இருக்கிறது. முந்தி ஒரு காலத்தில் அந்த வயலின் கீழ்ப்பக்கத்தில் பனிக்காலச் சந்தை கூடியதாம். ஆறு உறைந்ததும் அதன்மேல் சறுக்குவண்டி ஓட்டிக்கொண்டு காட்டுக்காரர் வருவார்கள். நரித்தோல், அணில்தோல், கீரியைப் போல் ஒரு மிருகத்தின் தோல். ஒல்லாந்து வியாபாரிகளின் ஆட்கள் துணியும் புகையிலையும் கொடுத்து வாங்குவார்கள். தோல் மூட்டையைக் கட்டி, கயிற்றில் ஈய முத்திரை அடிப்பார்கள். ரன்டியின் அப்பா சொன்ன கதை இது. ஊரில் யாரும் நம்பவில்லை.

ஒல்லாந்தர் என்றதும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் பக்கம் அவர்களுடைய செப்புக் காசுகள் அடிக்கடி அகப்படும். போகாத இடம் இல்லை போல.

“இப்ப அந்தக் கீழ் வயலுக்குள்ளாலை றோட்டுப் போடப் போறாங்கள்” என்றார் அத்தான். “நிலம் உறைஞ்சவுடனை றோட்டு மெசின் இறங்கும். நூதனசாலைக்காரர் என்ன சொல்லுறாங்கள் தெரியுமோ? ஒரு முத்திரையாவது காட்டினால் வந்து கிண்டிப் பாப்பினமாம். இல்லாட்டி இல்லையாம். ரெண்டு வருசமாத் தேடுறம். ஒண்டும் இல்லை.”

“உங்களுக்கு என்ன கிடைச்சது?”

அவர் கியரை மாற்றினார். “சோடா மூடி” என்றார்.

மறுநாள் ஆரணி எனக்கு நகரம் காட்டினாள். பள்ளிக்கூடம் லீவு. நல்ல பிள்ளை. தமிழ் கதைக்கும்போது நடுவில் நோர்வே மொழி விழும், சோற்றில் கல் போல. எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டால் விளங்கும்.

நிலக்கீழ் ரயிலில் ஆளுக்கு ஒரு இருக்கை, பக்கத்து இருக்கையில் பை. யாரும் யாரோடும் கதைப்பதில்லை. எங்கள் மினிபஸ்ஸில் இத்தனை இடத்துக்குள் கலியாண வீடே ஏறிவிடும், ஆட்டுக்குட்டியும் வரும். நான் எதிரில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் அடுத்த நிலையத்தில் இறங்கிப் போனார்.

“மாமா, தெரியாத ஆக்களைப் பாத்துச் சிரிக்கிறேல்லை” என்றாள்.

“ஏன்?”

“பயப்பிடுவினம்.”

ராசாவின் மாளிகைக்கு முன்னால் பெரிய பூங்கா. மதில் இல்லை, முள்ளுக்கம்பி இல்லை. சனம் புல்லில் படுத்துக் கிடந்தது, அந்தக் குளிரிலும். ஆரணி புல்லின் குறுக்கே நடந்தாள். நான் பாதையைச் சுற்றிக்கொண்டு போனேன். அவள் அங்கே போய்க் காத்து நின்றாள்.

“ஏன் மாமா சுத்திச் சுத்தி வாறீங்கள்? நேற்றும் வீட்டுக்கு முன்னாலை உப்பிடித்தான்.”

“பழக்கம்.”

அவள் புல்லில் துள்ளிக் காட்டினாள். “பாருங்கோ. ஹெல்ட் ட்ரிக்ட்!” முழுப் பாதுகாப்பு என்று அர்த்தமாம்.

“அப்படியோ” என்று சொல்லிவிட்டுப் பாதையிலேயே நடந்தேன். வருடக்கணக்கில் பழகியதைக் கால் ஒரு நாளில் விடாது. பாதையும் நல்ல பாதைதான்.

பசித்தது. ஒரு கடையில் பாணும் பழுப்பு நிறச் சீஸும் வாங்கினாள். பனங்கட்டியில் உப்பைப் போட்டுப் பாலில் கரைத்தது போல் இருந்தது. முதல் வாய் பிடிக்கவில்லை. மூன்றாம் வாயில் பிடித்தது. முடிந்ததும் இன்னொன்று கேட்டேன்.

அதற்கடுத்த நாள் மீன்பிடிக்கப் போவோம் என்றார் அத்தான். காரைச் சடங்கு வேலைக்கு அக்கா எடுத்துவிட்டாள். ரயிலில் ஏறினோம். ஹவுகெட்டோவில் இறங்கி நடந்தால் கடல். ஹவுகெட்டோ வந்தது. ரயில் நிற்கவில்லை. பலகை மட்டும் ஓடிப் போனது. அத்தான் எழும்பிக் கதவடியில் போய் நின்றார். ரயில் ஷீ என்ற ஊரில்தான் நின்றது. வெகுதூரம். திரும்பி வர அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தோம்.

“நீங்கள் இஞ்சை எத்தினை வருசம் அத்தான்?”

“நான் பஸ் ஓட்டுறவன் மச்சான். ரயிலைப் பற்றி என்னட்டைக் கேளாதை.”

கடற்கரை கருங்கல்லாய் இருந்தது. மணல் இல்லை. தண்ணீர் கறுப்பு. அத்தான் ஒரு தகரப்பேணியைத் திறந்தார். உள்ளே ஈயத் துண்டுகள். சாம்பல் நிறம், புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது, மடித்து நசுக்கிய மாதிரி. நடுவால் ஒரு துவாரம். தூண்டில் நூலை அதற்குள் விட்டு, குறட்டால் ஒரு அமுக்கு அமுக்கினார்.

“பார், கடவுள் தூண்டிலுக்கெண்டே செய்து போட்டது. கடையிலை வாங்கவே தேவையில்லை.”

“எங்கை எடுத்தனீங்கள்?”

“ரன்டியின்ரை வயலிலைதான். தேடப் போகேக்கை வரும். மற்றவன் எறிவான். நான் எறியிறேல்லை.”

எனக்குத் தந்த ஈயத்தைக் கையில் உருட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் கீறல் இருந்தது. நீண்ட வாலோடு ஏதோ மிருகம் போல. சின்னப் பிள்ளை கீறிய அணில் மாதிரி. தூண்டிலை வீசினேன். நாலாவது வீச்சில் கல்லுக்குள் மாட்டியது. இழுத்தேன். நூல் அறுந்தது. அணில் கடலோடு போய்விட்டது.

“போனால் போகட்டும்” என்றார் அத்தான். “பேணி நிறையக் கிடக்கு.”

எங்கள் ஊர்க் கும்பளாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி போல் ஒரு மீன் இங்கே இருக்கிறது. மூன்று பிடித்தோம். அக்கா தேங்காய்ப்பால் விட்டு, நான் கொண்டுபோன தூள் போட்டுக் குழம்பு வைத்தாள். புட்டோடு தின்றோம். வாய்க்கு அது எந்தக் கடல் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை சடங்கு. ஒரு பள்ளிக்கூட மண்டபம். பிள்ளை சேலையில் வேறு ஆளாய் இருந்தாள். நான் தேங்காய் உடைத்தேன், தண்ணீர் வார்த்தேன், மாலை போட்டேன். வேட்டிக்குள் குளிர் ஏறியது. வீடியோக்காரர் “மாமா, கொஞ்சம் சிரியுங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்குப் போதவில்லை.

சாப்பாட்டு மேசையில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். கம்ப்யூட்டர் வேலை.

“சார் ஊர்ல என்ன பண்றீங்க?”

“மெட்டல் டிடெக்டரோடை வேலை.”

“ஓ, ஏர்போர்ட் செக்யூரிட்டியா சார்?”

“அதுமாதிரித்தான்” என்றேன். வடையைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் விளக்க முடியாது.

ஞாயிறு காலை வயலுக்குப் போனோம். ஆரணியும் வந்தாள். முதல்நாள் முகப்பூச்சு முழுவதும் போகவில்லை.

ரன்டி வாசலில் நின்றார். உயரமான மனுசி, ரப்பர் சப்பாத்து, மண்வெட்டி பிடித்த கை. அவர் ஒரு வரி சொல்வார். அத்தான் அதை நாலு வரியாகத் தமிழில் தருவார்.

“நீ வந்தது சந்தோசமாம். இதுதான் கடைசிக் கிழமையாம். றோட்டுக்காரர் மஞ்சள் கம்பு நட்டிட்டாங்களாம். தகப்பன் சொன்னதைக் கேட்டு ஊரிலை சிரிச்சவங்களாம். அந்தாள் சாகிற வரைக்கும் அதே கதையைத்தான் சொன்னவராம்.”

“அவ்வளவும் சொன்னவவோ?”

“முகத்திலை தெரியுது மச்சான்.”

இன்னொருவரும் வந்திருந்தார். ஸ்டைனார், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், அத்தானோடு சேர்ந்து தேடுகிறவர். அத்தானைக் கண்டதும் கையைத் தூக்கி ஏதோ கூப்பிட்டார். ஆரணி சிரித்தாள்.

“சோடா மூடி ராசா எண்டு கூப்பிடுறார், மாமா.”

வயல் உழுது கிடந்தது. கட்டிகளின்மேல் வெள்ளையாய் உறைபனி. அவர்கள் கருவியை வீசிக்கொண்டு நடந்தார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவர் போல, இடமும் வலமும். நடந்தபடியே கதைத்தார்கள். கருவி கத்தியது. ஸ்டைனார் சிரித்தார். மண்வெட்டியால் ஒரே குத்து. பொத்தான்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இங்கே சத்தம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

அத்தான் தன் கருவியை எனக்குத் தந்தார். ரன்டியிடம் கம்புகள் கேட்டேன். சிவப்புத் துணி கிழித்துக் கட்டினேன். வரம்பிலிருந்து ஒரு பாதை அளவு எடுத்தேன், ஒரு ஆள் முழங்காலில் இருக்கும் அகலம். அதற்குள் மட்டும் தேடினேன். இரும்புக்குக் கத்தாமல் அத்தான் கருவியைப் பூட்டி வைத்திருந்தார். அதைத் திறந்துவிட்டேன்.

“ஐயோ, ஆணிக்கெல்லாம் கத்தும் மச்சான்!”

“ஆணி எண்டு கிண்டாமல் எப்பிடித் தெரியும்?”

ஆணி. லாட ஆணி. டிராக்டர் நட்டு. ஒரு கரண்டி. இன்னும் ஆணி. எல்லாவற்றையும் வாளிக்குள் போட்டேன். மத்தியானம் ஆகும்போது ஒரு பாய் விரிக்கிற இடம் முடித்திருந்தேன். மற்றவர்கள் வயலில் முக்கால்வாசியைச் சுற்றி வந்துவிட்டார்கள். இடையில் அத்தான் கிட்ட வந்து கருவியை ஒருமுறை வாங்கிப் பார்த்தார். கருவி என் தொடையைப் பார்த்துக் கத்தியது.

“மச்சான், இண்டைக்கு அகப்பட்டதிலை பெரிய புதையல் நீதான்!”

ஸ்டைனார் என் பாய் அளவு நிலத்தைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“இந்த வேகத்திலை போனால் றோட்டுப் போட்டு, அது பழுதாகித் திருத்தவும் வந்திடுவாங்களாம்” என்றார் அத்தான்.

“அவசரக்காரரை எங்கட வேலைக்கு எடுக்கிறேல்லை எண்டு சொல்லுங்கோ.”

அத்தான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ரன்டி கூப்பிட்டார். குசினி சூடாய் இருந்தது. இரும்பு அச்சில் மா ஊற்றி, இதயம் போல் இதழ் இதழாய் ஒரு அப்பம் சுட்டார். மேலே அந்தப் பழுப்புச் சீஸ். நான் கேட்காமலே இரண்டாவது வைத்தார். நல்ல மனுசி.

 சன்னலுக்கு வெளியே மஞ்சள் கம்புகள் தெரிந்தன. ரன்டி அந்தப் பக்கம் பார்க்காமல் முதுகைக் காட்டி இருந்தார்.

அத்தானுக்குச் சூட்டில் மூக்கு ஓடியது. லேஞ்சி எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். அது மீன்பிடிக்கப் போன அதே சட்டை. லேஞ்சியோடு ஒரு முழத் தூண்டில் நூல் வந்தது. நூலோடு ஈயம் வந்தது. மேசையில் டக்கென்று விழுந்து சீனிக் கோப்பைவரை உருண்டது.

ரன்டி எடுத்து ஓரமாய் வைக்கப் போனார். வைக்கவில்லை. கண்ணாடியைப் போட்டார். எழும்பிச் சன்னலடிக்குப் போனார். நகத்தால் சுரண்டினார். ஸ்டைனாரிடம் நீட்டினார். ஸ்டைனார் பார்த்தார். வாயில் இருந்த அப்பத்தை மெல்லுவதை நிறுத்தினார்.

ரன்டி ஒரு சொல் சொன்னார். “ப்ளூம்பெ.”

அத்தான் பக்கம் திரும்பினேன். அவர் ஈயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

“முத்திரை எண்டு சொல்லுறா” என்றாள் ஆரணி. “அப்பா! நீங்கள் முத்திரையாலை மீன் பிடிச்சிருக்கிறீங்கள்!”

“நூதனசாலைப் படத்திலை பெரிசாக் காட்டினவங்கள்” என்றார் அத்தான் மெல்ல. “வட்டமா. எழுத்தெல்லாம் தெரிய. இது… இது ஈயமடி பிள்ளை.”

துவாரம் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூட்டைக் கயிறு போன வழி. அத்தான் அதே வழியால் தூண்டில் நூலை விட்டிருக்கிறார். மீன்பிடிக்கிற ஊரில் பிறந்தவன் கண்ணுக்கு ஈயம் தூண்டில் ஈயம்தான். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஸ்டைனார் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. ரன்டி சிரிக்கவில்லை. தொலைபேசியை எடுத்தார். நூதனசாலைப் பெண் ஒருத்தி தன் இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாளாம். நெடுநேரம் கதைத்தார். முகம் மலர்ந்தது, பிறகு விழுந்தது.

ஆரணி சொன்னாள்: “உது மட்டும் காணாதாம், மாமா. பேணிக்குள்ளை கிடந்தது எங்கையிருந்தும் வந்திருக்கலாமாம். கடலிலை இருந்தும் வந்திருக்கலாமாம். மண்ணுக்குள்ளை கிடக்கிறது ஒண்டு வேணுமாம். கண்டால் எடுக்கக் கூடாதாம். அப்பிடியே விட்டிட்டுக் கூப்பிடட்டாம்.”

கண்டால் எடுக்கக் கூடாது. திறந்து காட்டிவிட்டு, தொடாமல், அடையாளம் வைத்துவிட்டு வர வேண்டும். இது நான் தினமும் செய்கிற வேலை.

“அத்தான், பேணி ஈயமெல்லாம் எந்த இடத்திலை எடுத்தனீங்கள்?”

“கீழை, ஓடைக்கரை மூலையிலை. அந்தத் தனி மரத்தடி.”

“காலமை அந்தப் பக்கம் ஏன் போகேல்லை?”

“அங்கை வெறும் ஈயம்தான் மச்சான். அதாலை விட்டிட்டன்.”

ஆரணி அதை மொழிபெயர்த்தாள். ரன்டி மேசையைப் பிடித்துக்கொண்டார். அவரும் சிரித்துவிட்டார்.

எல்லோரும் கீழே இறங்கினோம். மற்றவர்களை வரம்பில் நிறுத்தினேன். மரத்தடியை நோக்கிச் சிவப்புத் துணிக் கம்பால் பாதை அடித்தேன். முழங்காலில் இருந்தேன். மண் ஈரம். அத்தான் பின்னால் பிள்ளையாருக்கு ஏதோ நேர்ந்துகொண்டிருந்தார்.

ஆணி. ஆணி. ஒரு சோடா மூடி. அதைத் தூக்கிக் காட்டினேன். “ராசா!” என்று கத்தினார் ஸ்டைனார். அந்த அளவு நோர்வே மொழி எனக்கும் வந்துவிட்டது.

மரத்துக்குக் கிட்ட, மெல்லிய சத்தம் ஒன்று. இரும்பின் சத்தம் இல்லை. மிருதுவாய்.

என் கை தானாக மேலே போனது. நில்லுங்கள் என்று அர்த்தம். யாருக்கும் அந்தக் கை பாஷை தெரியாது, ஆனாலும் எல்லோரும் நின்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ரன்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அத்தானும் ஆரணியும் ஸ்டைனாரும் சிரித்தபடி நின்றார்கள். சத்தம் கேட்டதற்குச் சிரிப்பு. என் முகமும் ஏதோ செய்தது.

“மாமா சிரிக்கிறார்!” என்றாள் ஆரணி.

மேலிருந்து குத்தக் கூடாது. பக்கத்தால் போக வேண்டும். ரன்டி குசினியிலிருந்து வெண்ணெய்க் கத்தி கொண்டு வந்தார். ஆரணி தன் கைப்பையிலிருந்து கன்னத்துக்குப் பூசும் தூரிகையைத் தந்தாள். கொஞ்சம் கொஞ்சமாய் மண்ணைத் தள்ளினேன். தூரிகை மண்ணில் ரோசாப் பவுடரை விட்டது. வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. 

சாம்பல் நிறம் தெரிந்தது. மடித்து நசுக்கிய விளிம்பு. தூரிகையால் ஒரு தடவு. நீண்ட வால். முதுகு. மூன்று கால்தான் தெரிந்தது. நான் கடலில் விட்ட அணிலின் கூடப்பிறந்தது.

அத்தான் பாய்ந்து வந்து கையை நீட்டினார். கையில் ஒரு அடி வைத்தேன்.

“தொடாதேங்கோ!”

“மச்சான், அது வெடியாது!”

“தெரியும். தொடாதேங்கோ.”

அப்பத்துக்கு மா கரைத்த கோப்பையை ரன்டி கழுவிக் கொண்டு வந்தார். ஈயத்தின்மேல் கவிழ்த்தேன். மேலே ஒரு கல். சுற்றிச் சிவப்புத் துணிக் கம்புகள். ரன்டி அங்கேயே நின்றார். நாங்கள் காரில் ஏறும்போதும் நின்றார்.

இரண்டு நாள் கழித்து நூதனசாலைப் பெண் வந்தாள். அன்று என் பயணத்துக்கு முதல் நாள். சடங்குச் சாமான்கள் கட்டி முடியவில்லை என்று அக்கா ஏசினாள். அத்தான் பஸ் வேலையை வேறொருவருக்கு மாற்றிவிட்டு என்னையும் ஆரணியையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பெண் இளம் பெண். சேற்றில் குப்புறப் படுத்துக் கோப்பைக்குள் பார்த்தாள். எழும்பி ரன்டியோடு கதைத்தாள். அத்தான் என் காதுக்குள் சொன்னார்.

“தோல் மூட்டை முத்திரைதானாம். கீழ் வயல் முழுக்கக் கிண்டப் போகினமாம். றோட்டு மெசின் வசந்தம் வரைக்கும் நிக்கட்டாம். இப்பவே ரெலிபோனிலை சொல்லிப் போட்டாவாம். ரன்டி… ரன்டி ஒண்டும் சொல்லேல்லை.”

 ரன்டி மஞ்சள் கம்பு ஒன்றின் அருகே போனார். பிடுங்கினார். தோளில் வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டில் பக்கம் நடந்தார். அடுப்புக்கு ஆகும்.

பிறகு அத்தானின் முறை. பேணியைக் கொடுத்தார். அந்தப் பெண் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தாள். குறடு பதிந்த தழும்புகளைக் கண்டு பெருமூச்சு விட்டாள். தூண்டிலில் இருந்ததையும் கேட்டாள். கத்திரிக்கோலால் நூலை வெட்டினாள்.

“இனிக் கடையிலை வாங்க வேண்டியதுதான்” என்றார் அத்தான்.

“கடலுக்குள்ளையும் ஒண்டு கிடக்கு எண்டு சொல்லுங்கோ” என்றேன்.

பகிடிக்குத்தான் சொன்னேன். அவள் உண்மையாகவே இடம் கேட்டாள். அத்தான் கையை விரித்து, எந்தப் பாறை, எந்தப் பக்கம், எத்தனையாவது வீச்சு என்று சொல்லத் தொடங்கினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஸ்டைனாருக்கு மறுபடி சிரிப்பு வந்தது. ஆனால் அன்று அவர் சோடா மூடி ராசா என்று கூப்பிடவில்லை. ராசா என்று மட்டும் கூப்பிட்டார்.

அதற்குள் அந்தப் பெண்ணோடு வந்த ஆட்கள் வேலை தொடங்கினார்கள். கம்பு நட்டார்கள். கம்புக்குக் கம்பு வெள்ளைக் கயிறு கட்டினார்கள். மரத்தடியிலிருந்து ஓடைவரை, நேர் நேராய், சதுரம் சதுரமாய். கம்பின் தலையில் சிவப்பு மை.

எங்கள் இடத்திலும் இதே கம்பு, இதே கயிறு. கயிறு கட்டினால் அதற்குள் போகாதே என்று அர்த்தம். நான் வெளியில் நின்றேன்.

அந்தப் பெண் கோப்பையடியில் நின்று கை காட்டினாள். உள்ளே வா, நீ கண்டதை நீ எடுத்துத் தா என்றாளாம். ரன்டி கயிற்றை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தார்.

நான் அசையவில்லை.

“மச்சான், எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்” என்றார் அத்தான். “ராசாவின்ரை மாளிகைப் புல்லிலையும் நீ கால் வைக்கேல்லையாம். பிள்ளை சொன்னவள்.”

“இஞ்சை பாதை இல்லையே அத்தான்.”

“இல்லைத்தான். அதுக்கென்ன?”

ஆரணி என் கைக்குக் கிட்ட வந்தாள். பிடிக்கவில்லை, நின்றாள். “ஹெல்ட் ட்ரிக்ட், மாமா.”

குனிந்தேன். இரும்புத் துண்டு இருக்கிற காலை முதலில் வைத்தேன். மண் மெத்தென்று உள்வாங்கியது. அவ்வளவுதான். அடுத்த காலையும் வைத்தேன். பிறகு நடந்தேன். சால் வழியே இல்லை, குறுக்கே. கட்டிகளை மிதித்து உடைத்துக்கொண்டு நடந்தேன். நன்றாய் இருந்தது.

கோப்பையடிக்குப் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். என் காலடிகள் கோணல் மாணலாய்க் கிடந்தன. எங்கள் இடத்தில் பின்னால் வருகிறவர் முன்னால் போனவரின் காலடியில்தான் கால் வைக்க வேண்டும்.

ஆரணி வேறு பக்கத்தால் ஓடி வந்தாள்.